ஊடகம் கடந்த கதைசொல்லலும் கூட்டுப்படைப்பு ஆய்வகங்களும்: கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் முயற்சிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரே கதையுலகைத் திரைப்படம், இணையம், கணினி விளையாட்டு, ஒளிப்படம் எனப் பல ஊடகங்களில் பகிர்ந்து சொல்லும் முயற்சிகள் தனியொருவரால் நிறைவேற்ற இயலாதவை. இவற்றை வளர்த்தெடுக்கும் பொருட்டுக் கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் கூட்டு ஆய்வகங்கள் தோன்றின. 'கூட்டு' என்னும் சொல் இவ்வாய்வகங்களில் இருவேறு பொருளில் வழங்குகிறது. ஒன்று துறைவல்லார் தமக்குள் கொள்ளும் கூட்டு. மற்றொன்று படைப்பாளருக்கும் படைப்பின் பொருளாக அமையும் மக்களுக்கும் இடையிலான கூட்டு. இவ்வேறுபாட்டைக் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் முயற்சிகள் வழி விளக்கும் இக்கட்டுரை, படைப்பாளர் என்னும் பெயர் யாரைச் சேர்கிறது என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஊடகம் கடந்த கதைசொல்லல், கூட்டுப்படைப்பு, ஆய்வகம், ஊடாடும் ஆவணப்படம், படைப்புரிமை, ஃபோகோ தீவு, ஹைரைஸ்.

முன்னுரை

நாவலின் அட்டையில் ஒரு பெயர் இருக்கும். திரைப்படத்தின் இறுதியில் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடினாலும் 'இயக்கம்' என்னும் சொல்லுக்கு உரியவராகப் பெரும்பாலும் ஒருவரே காட்டப்பெறுவார். இலக்கியத் திறனாய்வும் திரைப்படத் திறனாய்வும் இவ்வொற்றைப் பெயரை மையமாகக் கொண்டே பெரிதும் வளர்ந்தன. ஆசிரியரின் நடை, ஆசிரியரின் நோக்கு, ஆசிரியரின் காலம் என்று ஆய்வேடுகளின் இயல்கள் பிரிக்கப்படுவதும் இதனாலேயே.

ஊடகம் கடந்த கதைசொல்லல் இந்த அடிப்படையை அசைக்கிறது. கதையுலகின் ஒரு பகுதி திரையிலும், மற்றொரு பகுதி இணையப் பக்கத்திலும், இன்னொரு பகுதி பயனர் அனுப்பும் ஒளிப்படத்திலும் இருக்கும்போது அதன் ஆசிரியர் யார் என்னும் வினா எளிதில் விடை காணக்கூடியதன்று. அவ்வினா கோட்பாட்டு நூல்களோடு நின்றுவிடுவதில்லை. இத்தகைய படைப்புகள் உருவாகும் கூட்டு ஆய்வகங்களில் அது நடைமுறைச் சிக்கலாகவே எழுகிறது. ஒப்பந்தத் தாளில் கையொப்பமாகவும் பெயர்ப்பட்டியலில் வரிசையாகவும் அதற்கு விடை தரப்படுகிறது.

சொல்லும் பொருளும்

ஒரு கதை பல ஊடகங்களில் வருவதனால் மட்டும் அது ஊடகம் கடந்த கதைசொல்லல் ஆகிவிடாது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகத் திரைப்படமாக வெளிவந்தது. அது தழுவல். நாவலைப் படித்தவரும் படத்தைப் பார்த்தவரும் ஏறத்தாழ ஒரே நிகழ்ச்சிகளையே இருவேறு வடிவங்களில் பெறுகின்றனர். ஊடகம் கடந்த கதைசொல்லலில் ஒவ்வோர் ஊடகமும் பிற ஊடகம் சொல்லாத ஒரு பகுதியைச் சொல்கிறது.

மார்ஷா கிண்டர் 1991-இல் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி, விளையாட்டு, திரைப்படம் ஆகியவற்றுக்கிடையிலான பனுவல் உறவைக் குறிக்க இக்கருத்தைக் கையாண்டார். ஹென்றி ஜென்கின்ஸ் 2003-இல் 'டெக்னாலஜி ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரையும், 2006-இல் வெளியிட்ட 'கன்வர்ஜென்ஸ் கல்ச்சர்' நூலும் இதனைப் பரவலாக்கின. ஜென்கின்ஸ் காட்டும் 'மேட்ரிக்ஸ்' சான்று தெளிவானது. 2003-இல் வெளியான அசைவூட்டக் குறும்படம் ஒன்றில் ஒசைரிஸ் என்னும் கலத்தின் குழுவினர் தம் உயிரைக் கொடுத்து ஓர் எச்சரிக்கைச் செய்தியை அஞ்சல்பெட்டியில் சேர்க்கின்றனர். அச்செய்தியை எடுத்துச் சேர்ப்பது கணினி விளையாட்டின் தொடக்கப் பணி. இரண்டாம் திரைப்படத்தில் அச்செய்தி கிடைத்துவிட்டதாகவே உரையாடல் தொடங்குகிறது. மூன்றையும் அறிந்தவருக்கே அந்நிகழ்வு முழுமையாகப் புலப்படும்.

'ஆய்வகம்' என்னும் சொல்லும் விளக்கத்திற்குரியது. தமிழ்ச் சூழலில் நாடகம், சிறுகதை ஆகியவற்றுக்கு நடத்தப்பெறுவன 'பட்டறை' எனப்படும். பட்டறையில் அறிந்தவர் கற்பிக்க அறியாதவர் பயில்வதே பெரும்பான்மை. ஆய்வகமோ விடை முன்னரே தெரியாத ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் இடம். சோதனை தோற்பதற்கும் அங்கு இடமுண்டு. நடைமுறையில் ஆய்வகம் என்னும் பெயரில் பட்டறைகளே நடப்பதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆய்வகம் இயங்கும் முறை

ராபர்ட் ரெட்ஃபோர்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1981-இல் நிறுவிய சன்டான்ஸ் நிறுவனம், புதிய திரைப்படக் கலைஞர்களை மூத்த கலைஞர்களோடு மலைப்பகுதியில் தங்கவைத்துத் திரைக்கதையைச் செம்மைப்படுத்தும் முறையை நிலைநாட்டியது. அதே நிறுவனம் 2011-இல் பல ஊடகத் திட்டங்களுக்கெனத் தனி ஆய்வகத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே ஆஸ்திரேலியத் திரைப்பட, தொலைக்காட்சி, வானொலிப் பள்ளி 2005-இல் 'லாம்ப்' என்னும் ஆய்வகத்தைத் தொடங்கியிருந்தது. இலண்டனில் லிஸ் ரோசென்தால் 2007-இல் நிறுவிய 'பவர் டு த பிக்ஸல்' அமைப்பு நடத்திய பிக்ஸல் ஆய்வகமும் இவ்வகையினதே.

இவை அனைத்திற்கும் பொதுவான காரணம் ஒன்றுண்டு. திரைப்படத்துறையில் வேலை ஒரு நேர்கோட்டில் நகரும்: எழுத்து, படப்பிடிப்பு, படத்தொகுப்பு, வெளியீடு. எழுத்து முடியாமல் படப்பிடிப்பு இல்லை. மென்பொருள் துறையில் வேலை வட்டமாகச் சுழலும்: அரைகுறையான ஒரு முன்மாதிரியைச் செய்து, பயனரிடம் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கண்டு, மீண்டும் செய்வர். எழுத்தாளர் 'முடிந்தது' என்று கருதும் கட்டத்தில் நிரலாளர் 'இனித்தான் தொடக்கம்' என்பார். இவ்விரு பழக்கங்களும் ஒரே திட்டத்திற்குள் மோதும்போது பணமும் காலமும் வீணாகின்றன. படமெடுத்து முடித்தபின் இணையதளத்தை ஒட்டவைக்கும் போக்கைத் தவிர்க்க, எழுத்து நிலையிலேயே எல்லாத் துறையினரையும் ஒரு மேசையில் அமர்த்துவதே ஆய்வகத்தின் அடிப்படை உத்தி.

திட்டங்கள் விண்ணப்பத்தின் வழித் தெரிவு செய்யப்பெறும். ஒரு வார அளவிலான உறைவிடக் காலத்தில் குழுவினர் திரைக்கதை, விளையாட்டு வடிவமைப்பு, நிரலாக்கம், நிதி ஆகிய துறைகளின் நெறியாளர்களுடன் அமர்வர். பயனர் கதைக்குள் எவ்வழியாக நுழைவார், ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏன் செல்வார், செல்லாவிடில் எதை இழப்பார் என்பன போன்ற வினாக்கள் அங்கு எழுப்பப்பெறும். தாளில் வரைந்த முன்மாதிரியே முதல் சோதனைக்குப் போதுமானது. லாம்ப் ஆய்வகத்தில் நெறியாளராகப் பணியாற்றிய கிறிஸ்டி டெனா, 2009-இல் சிட்னி பல்கலைக்கழகத்திற்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் முடிந்த படைப்பைக் காட்டிலும் அது உருவாகும் செயல்முறையையே ஆய்வுப்பொருளாகக் கொண்டார். இத்துறையில் பனுவலை மட்டும் எடுத்து ஆராய்வது போதாது என்பதை உணர்த்தியதில் அவ்வாய்வேட்டுக்குப் பங்குண்டு.

எனினும் இவ்வாய்வகங்களில் கூட்டு என்பது துறைவல்லாரோடு நின்றுவிடுகிறது. திட்டத்தின் உரிமையாளர் தம் திட்டத்தோடு வருகிறார். செம்மைப்பட்ட அதே திட்டத்தோடு திரும்புகிறார். கதை யாரைப் பற்றியதோ அவர் அந்த மேசையில் இருப்பதில்லை. அவரையும் அமர்த்தும் மரபு வேறொரு வழியில் வளர்ந்தது. அம்மரபின் அரைநூற்றாண்டுச் சான்றுகள் ஒருங்கே கிடைப்பது கனடாவில்.

ஃபோகோ தீவு

1939-இல் நிறுவப்பெற்ற கனடா தேசியத் திரைப்பட வாரியம் 1967-இல் 'சேலஞ்ச் ஃபார் சேஞ்ச்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 1980 வரை நடந்த அத்திட்டத்தின் முதன்மைக் களம் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தின் ஃபோகோ தீவு. மீன்பிடித் தொழில் நலிந்த அத்தீவின் மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் அரசுக் கொள்கையின் அச்சுறுத்தல் அவர்கள்மீது இருந்தது. இயக்குநர் காலின் லோ, அம்மாகாணத்தின் மெமோரியல் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையோடு இணைந்து அங்குச் சென்றார். அத்துறையின் தலைவராக இருந்தவர் டொனால்ட் ஸ்னோடன்.

லோ அங்கு எடுத்த முடிவுகளுள் ஒன்று ஊடகவியலார் கூர்ந்து நோக்கத்தக்கது. வழக்கமான ஆவணப்படம் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, ஒருவர் பேச்சை வெட்டி அதன் எதிரே மற்றொருவர் பேச்சை ஒட்டும். அவ்வாறு ஒட்டினால் ஊருக்குள் பகை மூளும் என்றும், ஒருவருடைய சொல் அவர் எண்ணாத பொருளைத் தரும் என்றும் உணர்ந்த லோ, ஒரு மனிதருக்கு அல்லது ஒரு நிகழ்வுக்கு ஒரு படம் என்னும் முறையைக் கைக்கொண்டார். இவ்வாறு 25-க்கும் மேற்பட்ட குறும்படங்கள் உருவாயின. அவை முதலில் தீவு மக்களுக்கே திரையிடப்பட்டன. தாம் பேசியதில் வேண்டாத பகுதியை நீக்கச் சொல்லும் உரிமை பேசியவருக்கு இருந்தது. பின்னர் அப்படங்கள் அமைச்சர்களுக்குக் காட்டப்பட்டன. மீன்வள அமைச்சரின் மறுமொழியும் படமாக்கப்பெற்றுத் தீவுக்குத் திரும்பியது. ஒரே தீவின் வெவ்வேறு ஊரார் பிற ஊராரின் எண்ணங்களைத் திரையில் கண்டபின் கூடிப் பேசலாயினர். கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தீவு காலிசெய்யப்படவில்லை. இம்மாற்றத்திற்குப் படங்கள் மட்டுமே காரணம் என்பது மிகை; தீவில் முன்பே ஒரு மேம்பாட்டுக் குழு இயங்கி வந்தது.

அறம் சார்ந்த அம்முடிவு ஒரு புதிய வடிவத்தையும் தந்தது. ஒரு நீண்ட படத்திற்குப் பதிலாகப் பல சிறு படங்கள்; பார்வையாளர் எதையும் எவ்வரிசையிலும் பார்க்கலாம்; பார்த்தபின் மறுமொழி தரலாம். நாற்பது ஆண்டுகளுக்குப்பின் இணைய ஆவணப்படம் கண்டடைந்த வடிவமும் இதுவே. ஊடாடும் வடிவத்தைத் தொழில்நுட்பத்தின் கொடையாக மட்டும் காணும் போக்கு இதனால் திருத்தம் பெறுகிறது.

இயக்குநர் யார்?

ஃபோகோவில் மக்களுக்குக் கிடைத்தது நீக்கும் உரிமை. இயக்குநர் என்னும் பெயரன்று. பெயரைப் பற்றிய வினாவை அதே திட்டத்தின் மற்றொரு படம் எழுப்பியது. வாரியம் 1968-இல் முதற்குடியினரை மட்டுமே கொண்ட ஒரு படக்குழுவை அமைத்தது. அக்குழுவைச் சேர்ந்த மோஹாக் இனத்தவர் மைக்கேல் மிட்செல். எல்லை கடந்து கொண்டுவரும் பொருள்களுக்குத் தீர்வை விதிப்பது 1794-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முரண் எனக் கூறி, மோஹாக் மக்கள் 1968 டிசம்பரில் கார்ன்வால் தீவின் பன்னாட்டுப் பாலத்தை மறித்தனர். போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்களுள் மிட்செலும் ஒருவர். அங்கு எடுக்கப்பெற்ற காட்சிகள் 'யூ ஆர் ஆன் இந்தியன் லேண்ட்' என்னும் 36 நிமிடப் படமாக 1969-இல் வெளிவந்தன. இயக்குநர் என்னும் நிலையில் வழங்கப்பெற்ற பெயர் வாரியத்தைச் சேர்ந்த மோர்ட் ரான்சன் என்பவருடையது. 2017-இல் வாரியம் இதனை மாற்றி மிட்செலை இயக்குநராக ஏற்றுக்கொண்டது.

இடையில் கழிந்தவை 48 ஆண்டுகள். அக்காலத்தில் அப்படத்தைப் பற்றி எழுதியோர், பாடம் நடத்தியோர், பட்டியலிட்டோர் பலர் வாரியம் அளித்த பெயரையே வழிமொழிந்திருப்பர். உருவாக்கத்தில் கூட்டு இருந்தும் பதிவேட்டில் அது இல்லாமற்போனால், ஆய்வுலகம் அக்கூட்டை அறிய வழியில்லை.

மருத்துவமனையிலிருந்து அடுக்ககத்திற்கு

கேட்டரினா சிசெக் கனடாவின் ஆவணப்பட இயக்குநர். வாரியம் 'சேலஞ்ச் ஃபார் சேஞ்ச்' மரபை எண்மக் காலத்தில் மீட்டெடுக்க விரும்பியபோது, டொரன்டோ நகரின் செயின்ட் மைக்கேல் மருத்துவமனையில் உறைவிடத் திரைப்படக் கலைஞராக அவர் பணியாற்றினார். செவிலியர், மருத்துவர், நோயாளர் ஆகியோருடன் இணைந்து உருவான பல சிறு திட்டங்கள் அதன் விளைவு. வீடின்றி வாழ்ந்த இளம் பெற்றோருக்கு ஒளிப்படக் கருவி தந்து அவர்தம் வாழ்வை அவர்களே பதிவு செய்யச் செய்தது அவற்றுள் ஒன்று. நிகழ்வைப் பதிவு செய்வதோடு நில்லாமல் அதில் பங்குகொள்வதே ஊடகத்தின் பணி என்பது சிசெக் வகுத்துக்கொண்ட நெறி.

அடுத்து வந்த 'ஹைரைஸ்' திட்டம் 2009 முதல் 2015 வரை நடந்தது; தயாரிப்பாளர் ஜெரி ஃபிளாஹைவ். டொரன்டோவில் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் கட்டப்பெற்ற கான்கிரீட் அடுக்ககங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. நகர விளிம்பில் இருக்கும் இவற்றில் குடியேறிகள் பெருந்தொகையினர். கிப்ளிங் சாலையில் உள்ள அத்தகைய அடுக்ககங்களில் வாழ்ந்தோருடன் ஹைரைஸ் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியது.

2011-இல் வெளிவந்த 'ஒன் மில்லியன்த் டவர்' இத்தொடர்பின் கனி. குடியிருப்போர், கட்டடக்கலைஞர், அசைவூட்டக் கலைஞர் ஆகிய மூவகையினரும் ஒரே அறையில் அமர்ந்தனர். பாழடைந்த விளையாட்டுத் திடலும் பயன்படாத வெற்றிடமும் எவ்வாறு மாற வேண்டும் என்று குடியிருப்போர் கூறினர். கட்டடக்கலைஞர் அதனை வரைபடமாக்கினர். அசைவூட்டக் கலைஞர் அதற்கு உயிர் கொடுத்தனர். உலாவியிலேயே முப்பரிமாண வெளியாக இயங்கிய அப்படைப்பில், டொரன்டோவில் அப்போது மழை பெய்தால் திரையிலும் மழை பெய்தது. அங்கே இரவு என்றால் இங்கும் இரவு. பார்வையாளர் காண்பது கற்பனையான எதிர்காலம் எனினும் அது உண்மையான ஓர் இடத்தின் எதிர்காலம் என்பதை அவ்வுத்தி சொல்லாமல் சொல்லிற்று.

பிக்ஸல் ஆய்வகத்திற்கும் இதற்குமுள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகிறது. இங்கே திட்டம் முன்னரே எழுதப்பெற்று ஆய்வகத்திற்கு வரவில்லை. குடியிருப்போர் பேசத் தொடங்கிய பின்னரே என்ன செய்வது என்பது முடிவாயிற்று. நிதி கேட்கும் நிலையில் இது பெரும் இடர். எதை உருவாக்கப் போகிறோம் என்று அறியாத குழுவுக்குப் பணம் தர எந்நிறுவனமும் தயங்கும். பொதுநிதியில் இயங்கும் வாரியம் என்பதாலேயே கனடாவில் இது இயன்றது எனலாம்.

ஹைரைஸின் பிற பகுதிகள் எல்லாம் ஒரே அளவில் கூட்டுப்படைப்பு அல்ல. 2010-இன் 'அவுட் மை விண்டோ' 13 நகரங்களின் அடுக்ககவாசிகளைச் சன்னல் வழியே பேசவைத்தது. சிறப்பான படைப்பு எனினும் இயக்குநரின் கை அதில் ஓங்கியது. 2013-இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழுடன் இணைந்து உருவான 'எ ஷார்ட் ஹிஸ்டரி ஆஃப் த ஹைரைஸ்' நான்கு குறும்படங்களைக் கொண்டது. முதல் மூன்று நாளிதழின் ஒளிப்படக் காப்பகத்திலிருந்தும், நான்காவது வாசகர் அனுப்பிய படங்களிலிருந்தும் உருவாயின. வாசகர் படம் அனுப்புவதைக் கூட்டுப்படைப்பு என்று அழைப்பதைக் காட்டிலும் பங்களிப்பு என்பதே பொருந்தும். எந்தப் படம் எங்கு இடம்பெறும் என்று அவர் தீர்மானிப்பதில்லை. 2015-இன் 'யூனிவர்ஸ் விதின்' பகுதிக்காக டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளரோடு அடுக்ககவாசிகளே பயிற்சி பெற்றுத் தம் அயலாரிடம் கணக்கெடுப்பு நடத்தினர். இங்கு ஆய்வுக்குட்பட்டோர் ஆய்வாளராயினர்; இது நாளிதழ்ப் பகுதியைவிட ஆழமான கூட்டு. பரிசுகளும் புகழும் பெரிதும் சேர்ந்தவை சன்னல் படைப்புக்கும் நாளிதழ்ப் படைப்புக்குமே என்பது எண்ணத்தக்கது.

பெயரும் உடன்படிக்கையும்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் வில்லியம் யுரிக்கியோ நிறுவிய திறந்த ஆவணப்பட ஆய்வகத்தில் பின்னர்க் கூட்டுப்படைப்புக்கெனத் தனிப் பிரிவு தோன்றியது. அதனை வழிநடத்தியவர் சிசெக். இருவரும் 2019-இல் வெளியிட்ட 'கலெக்டிவ் விஸ்டம்' கள ஆய்வு 2022-இல் நூலாகவும் வந்தது. மக்களுக்காக அல்லது மக்களைப் பற்றி உருவாக்குவதினின்று மக்களோடு உருவாக்குவதைப் பிரித்துக் காட்டுவது அந்நூலின் மையம். ஒற்றை ஆசிரியர் என்பது மனித வரலாற்றில் அண்மைக்காலக் கருத்தே என்பதையும் அது வலியுறுத்துகிறது.

இக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆனால் ஒரு நெருடல் எஞ்சுகிறது. 'ஒன் மில்லியன்த் டவர்' இன்றும் சிசெக்கின் படைப்பாக, வாரியத்தின் வெளியீடாகவே குறிக்கப்படுகிறது. கிப்ளிங் சாலைக் குடியிருப்போர் பெயர்கள் பங்கேற்றோர் வரிசையில் உள்ளன. செயல்முறை மாறிய அளவுக்குப் பதிவுமுறை மாறவில்லை. இதனைச் சிசெக்கின் குறையாகக் கொள்வது நேர்மையன்று. திரைப்பட விழா விண்ணப்பம், பரிசுப் பட்டியல், நூலக அட்டவணை ஆகியவை பெரும்பாலும் 'இயக்குநர்' என்னும் கட்டத்தை நிரப்புமாறே கேட்கின்றன. மிட்செலின் பெயர் விடுபட்டதும் அக்கட்டத்திலேயே.

ஆய்வாளர் இங்குச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இத்தகைய படைப்பை மேற்கோள் காட்டும்போது இயக்குநர் பெயரோடு நின்றுவிடாது, எந்தச் சமூகத்தோடு, எவ்வளவு காலம், எந்த முடிவுகளில் பங்குடன் அது உருவானது என்பதையும் குறிக்கலாம். திட்டம் தொடங்கும் முன்பே பெயர், வருவாய், திரும்பப்பெறும் உரிமை ஆகியவற்றை எழுத்தில் வரையறுக்கும் உடன்படிக்கையும் அவ்வாறே ஒரு முதன்மைச் சான்றாவணம். பனுவலோடு அதுவும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டும்.

உடன்படிக்கையில் இடம்பெற வேண்டிய இன்னொன்று படைப்பின் வாழ்நாள். ஃபோகோ படச்சுருள்கள் அரைநூற்றாண்டு கடந்தும் காணக் கிடைக்கின்றன. 2010-ஐ ஒட்டிய இணைய ஆவணப்படங்கள் பல அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் மென்பொருளில் உருவானவை. 2020 டிசம்பர் 31-உடன் அம்மென்பொருளுக்கான ஆதரவு முடிவுற்றபின் அவை உலாவியில் இயங்கா. மழையைத் திரைக்குக் கொண்டுவந்த படைப்போ வானிலைத் தரவு தரும் வெளிச்சேவையைச் சார்ந்தது. ஏடு பெயர்த்தெழுதப்பட்டதால் நூல் பிழைத்த வரலாற்றைச் சுவடியியல் அறிந்தோர் அறிவர். வாரியத்தின் 2012-ஆம் ஆண்டுப் படைப்பான 'பேர் 71' அவ்வாறே 2017-இல் புதிய தொழில்நுட்பத்தில் மீண்டும் உருவாக்கப்பட்டது. எதைப் பெயர்த்தெழுதுவது, எதைக் கைவிடுவது என்னும் முடிவு இப்போது நிறுவனங்களின் கையில் உள்ளது. தம் கதையைத் தந்த மக்களுக்கு அம்முடிவில் இடமளிப்பது பற்றிய விதி எதனையும் மேற்கண்ட ஆய்வகங்கள் பொதுநெறியாக வகுத்துவிடவில்லை.